ஞானப்பூவின் சாட்சி

முதலில் அந்த முட்டையின் மேல்தான் ஞானப்பூவுக்குப் பொறாமை வந்தது.

அவித்த முட்டை. அதை உரித்துக்கொண்டிருந்தது அவள் புருஷன் தேவநேசன். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைத்துப் பழக்கமில்லாத மனுஷன், சபை மூப்பர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டிக்காரர், அன்றைக்கு அடுப்படியில் குந்தி உட்கார்ந்து சில்லுச் சில்லாக ஓடு எடுத்துக்கொண்டிருந்தார். உரித்ததைக் கழுவி, உப்புத் தொட்டு, அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "சாப்பிடு தாயி, ரெண்டு உசுருக்கும் சேத்துச் சாப்பிடு" என்றார். அரிசி களைந்துகொண்டிருந்த ஞானப்பூ அதைப் பார்த்தாள். களைந்த தண்ணீரோடு கொஞ்சம் அரிசியும் போயிற்று.

அந்தப் பெண்ணின் பெயர் சசிரேகா. எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், கீழ் லயத்து அம்புரோசின் மனைவி. நாடுகாணிப் பக்கம் அவள் தாய்வீடு, முருகனுக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கிற குடும்பம். அம்புரோசைத்தான் கட்டுவேன் என்று வந்தவளுக்கு அந்தக் கதவு அன்றோடு சாத்தப்பட்டது. அம்புரோசோடு சர்ச்சுக்கு வருவாள், ஆனால் சர்ச்சுப் பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் 'ஆமென்' சொல்லும் இடத்தில் இவள் 'ஆமா' என்பாள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண்.

ஒரு சாயங்கால ஜெபத்தின்போது அவள் சர்ச் வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. இரண்டு கையாலும் ஏழு மாத வயிற்றைக் கீழிருந்து தாங்கிப் பிடித்திருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்வதற்குள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்புரோஸ் மிதித்திருந்தான். தேவநேசன்தான் எழுந்துபோய், கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்கு அடுத்திருந்த தம் வீட்டுக்கு வந்தார். எஸ்டேட் டாக்டர் வந்து பார்த்து, பிள்ளைக்கு உயிர் இருக்கிறது, இனி ஒரு அடி பட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கொழுந்து விற்ற காசு பறித்த கூலிக்கே காணவில்லை. ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் மூடியிருந்தது, பிறகு மொத்தமாகவே மூடிற்று. ஆண்கள் சாராயக் கடையில் உட்கார்ந்தார்கள், பெண்கள் கேரளாப் பக்கம் இஞ்சி தோண்டப் போனார்கள். வேலை இல்லாத கோபத்தில் கை நீட்டிவிட்டான், பாவம் என்று அம்புரோசுக்காகப் பேச ஆள் இருந்தது. விலை பெண்களுக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. அவர்கள் யாரும் யாரையும் மிதிக்கவில்லை.

இப்படிப் பஞ்சம் பிடித்த நேரத்தில் சசிரேகாவுக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ எல்லாம். மேல் லயத்துப் பெண்கள் தூக்குவாளியில் பால் கொண்டுவந்தார்கள். பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்து, பிள்ளைக்கு ஆகும் என்று கொண்டுவந்தார்கள். பெண்கள் சங்கத் தலைவியம்மா ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனாள். தேவநேசன் விடிந்ததும் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். குளிருக்குத் தம் கம்பளியைக் கொடுத்தார். ஞானப்பூவுக்கு வயிறு எரிந்தது.

ஊரில் கேட்டால் சொல்வார்கள், பிள்ளை இல்லாதவள், அடுத்தவள் வயிற்றைப் பார்த்து எரிகிறாள் என்று. அது இல்லை. அந்த வயிற்றின் மேல் அவளுக்குப் பொறாமையே இல்லை. அவளும் ஒருகாலத்தில் அப்படி ஒரு வயிற்றோடு, அப்படியே கிழிந்த உதட்டோடு, அதே சர்ச் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். மிதித்தவர் தேவநேசன். சிலோனிலிருந்து வந்து குடியேறிய புதிது, அவருக்கு எந்நேரமும் குடி. அன்றைக்கு அவளுக்கு யாரும் முட்டை உரிக்கவில்லை. அப்போது சபையை நடத்திவந்த உபதேசியார் வந்தார், ஜெபித்தார், இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து வைத்தார், குடும்ப மானம் காத்துக்கொள் மகளே என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அவள் திரும்பிப் போனாள். இரண்டாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். சில்வர் ஓக் மரத்தடியில் குழி தோண்டினார்கள். என்னம்மா ஆச்சு என்று டாக்டர் மாமியாரைத்தான் கேட்டார். "காவாயில கால் வழுக்கிருச்சுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தேவநேசன் மாறினார். இதை இல்லை என்று சொல்லக்கூடாது. ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது எழுந்தவர் அன்றிலிருந்து சாராயத்தைத் தொடவில்லை, அவள் மேல் கை வைக்கவும் இல்லை. கர்த்தர் தன்னை மாற்றிய கதையைச் சபை முன் எழுந்து சொல்கிற அவருடைய சாட்சி ஊர் ஊராகப் பேர் வாங்கியது. கூடலூரில் சொன்னார், பந்தலூரில் சொன்னார். நான் பெரிய குடிகாரன், என் மனைவிக்கு நிறைமாசம், காவாயில் கால் வழுக்கிருச்சு, கர்த்தர் என் பிள்ளையை எடுத்து என் கண்ணைத் திறந்தார் என்பார். கூட்டம் கண்ணைத் துடைக்கும். பிறகு, "ஞானப்பூ, வா" என்று கூப்பிடுவார். அவள் போய்ப் பக்கத்தில் நிற்பாள். பேசமாட்டாள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் அவள் காதிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்போது புரிந்திருக்கும், அவள் எதைப் பார்த்து எரிந்தாள் என்று. பால், கம்பளி, ஆரஞ்சு, தலையில் கை. எனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் என்ன? நான் திரும்பிப் போகவில்லையா? அப்படி என்ன இவள் மட்டும் ஒசத்தி? இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

சனிக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம். சசிரேகாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் தேவநேசன். பாட்டு முடிந்ததும் தலைவியம்மா, "யாராச்சும் சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டாள். சசிரேகா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை ஞானப்பூ பார்த்தாள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

ஒருத்தி எழுந்து, மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். இன்னொருத்தி இருமல் நின்றதைச் சொன்னாள். கீழ் லயத்தில் அம்புரோசுக்கு அடுத்த வீட்டுக்காரி, ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் கேட்கிற அந்த ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள், தன் பசு நல்லபடியாகக் கன்று போட்டதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சசிரேகா ஒவ்வொருத்தி எழும்போதும் ஆவலாகப் பார்த்தாள். ஒவ்வொருத்தி உட்காரும்போதும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. கடைசியில் ஞானப்பூவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் சித்தி, எனக்கு யாரும் சாட்சி சொல்ல மாட்டாங்களா?"

அப்போதுதான் ஞானப்பூவுக்கு விளங்கியது. போன மாதம், இதற்கு முந்தின அடிக்கு, இந்தப் பெண் தனியாக டவுன் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறாள். அடிச்சதுக்குச் சாட்சி இருக்கா, கூட்டிட்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். லயத்தில் வந்து கேட்டால், நாங்க பாக்கலையே என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம். அவளுக்குத் தெரிந்த சாட்சி அது ஒன்றுதான். இங்கே வாராவாரம் எழுந்து சாட்சி சொல்கிறார்கள் என்று கேட்டதும், நல்ல ஜனங்கள், நமக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். சாட்சி என்ற சொல்லுக்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருப்பது இத்தனை வருஷமாக அவள் நினைவுக்கே வரவில்லை. நேற்று வந்த இவளுக்கு, ஆமென்னுக்கும் ஆமாவுக்கும் வித்தியாசம் தெரியாத இவளுக்கு, தனக்காக நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கிற தைரியம் எங்கிருந்து வந்தது? "இங்க சாட்சின்னா வேற. பேசாம இரு" என்றாள் சுள்ளென்று.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அம்புரோஸ் காத்திருந்தான். குளித்து, சவரம் செய்து, குடிக்காமல் வந்திருந்தான். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது; குடிக்காத நேரத்தில் எல்லாருமே அப்படித்தான்.

"ஒரே ஒரு மிதிதான் சித்தி. கால் எப்படிப் போச்சுன்னே தெரியல, வயித்துல பட்டுருச்சு. போலீசுக்குப் போறாங்கிறாங்க. எப்படியாச்சும் அனுப்பி வைங்க" என்றான்.

ஞானப்பூ குடத்தைக் குழாயடியில் வைத்தாள். அது நிறைகிற வரைக்கும் யோசித்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் யோசிக்கவே இல்லை. சொல் நாக்கில் தயாராக இருந்தது.

"நாளைக்கு ஆயர் வராரு. சர்ச்சுக்கு வந்து, குடிய விட்டுட்டேன்னு சாட்சி சொல்லு. மிதிச்சேன்னு மட்டும் சொல்லிராத. காவாயில கால் வழுக்கிருச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஞானப்பூ நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நானும் போனேன், இவளும் போகட்டும். இதை நினைத்ததும் இத்தனை நாளில் முதல் தடவையாக மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சசிரேகாவுக்குத் தலை பின்னிவிட்டது ஞானப்பூதான். பின்னும்போது அந்தப் பெண் கேட்டாள், "இன்னிக்கி என்னை அனுப்பிருவாங்களா சித்தி? போனா இந்தப் பிள்ள தங்காது."

"எல்லாரும் போறதுதான்" என்றாள் ஞானப்பூ. பின்னலை இழுத்து முடிந்தாள். கொஞ்சம் வலித்திருக்கும்.

பந்தலூரிலிருந்து ஜீப்பில் வந்த ஆயர் இளைஞர். இந்த மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக ஆகவில்லை. சசிரேகாவின் கதையைத் தேவநேசன்தான் அவருக்குச் சொல்லியிருந்தார், முந்தின இரவே அம்புரோஸ் வந்து கேட்டுக்கொண்டதையும், சமாதானமாகப் போவதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்பதையும் சேர்த்து. பிரசங்கம் முடிந்தது. அம்புரோசைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து வந்து, ஆண்கள் பாய்க்கும் பெண்கள் பாய்க்கும் நடுவில் நின்று அழுதான். அழுகை பொய் இல்லை. நான் குடித்தேன், பாவி, இனிமேல் தொடமாட்டேன், அன்றைக்குச் சத்தம் போட்டேன், அவள் ஓடினாள், "காவாயில கால் வழுக்கிருச்சு" என்றான். சபை 'ஸ்தோத்திரம்' என்றது. ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து தேவநேசன் எழுந்தார். தம்பி, கலங்காதே, என்னைப் பார் என்று ஆரம்பித்தார். கூடலூரில் சொன்னது, பந்தலூரில் சொன்னது, ஒரு வார்த்தை மாறாமல் வந்தது. என் மனைவிக்கு நிறைமாசம், காவாயில் கால் வழுக்கிருச்சு என்று சொல்லி நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார். பிறகு, "ஞானப்பூ, வா" என்றார்.

அவள் எழுந்து போனாள். பக்கத்தில் நின்றாள். ஆயர் இறங்கி வந்து அம்புரோசின் வலது கையைத் தம் இடது கையில் பிடித்துக்கொண்டு, சசிரேகாவைக் கூப்பிட்டார். சசிரேகா வயிற்றைத் தாங்கியபடி வந்தாள். அவள் அம்புரோசைப் பார்க்கவில்லை, ஆயரையும் பார்க்கவில்லை. ஒரே காலையில் ஒரே காவாயில் இரண்டு பேருக்குக் கால் வழுக்கியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான் போலும். ஞானப்பூவின் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் கால்தான் வழுக்கிச்சா சித்தி?"

குத்திக் கேட்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் வராது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுவரை யாரும் ஞானப்பூவிடம் அதைக் கேட்டதில்லை. டாக்டர் கேட்டது மாமியாரை. உபதேசியார் கேட்கவே இல்லை.

"இல்ல" என்றாள் ஞானப்பூ.

பக்கத்தில் தேவநேசன் அசைந்தார். ஞானப்பூ ஆயரைப் பார்த்தாள். "அய்யா, நான் சாட்சி சொல்லணும்" என்றாள்.

சபையில் ஒரு சலசலப்பு, சந்தோஷமான சலசலப்பு. இத்தனை வருஷம் வாய் திறக்காத மூப்பர் சம்சாரம் சாட்சி சொல்லப் போகிறாள் என்று தலைவியம்மா முன்கூட்டியே ஒரு 'அல்லேலூயா' போட்டாள்.

"இந்தப் பொண்ணுக்குக் கால் வழுக்கல. மிதிச்சேன்னு அம்புரோஸ் நேத்துக் குழாயடியில எங்கிட்ட சொன்னான். வழுக்கிருச்சுன்னு சொல்லச் சொல்லிக் குடுத்தது நான். எனக்கும் வழுக்கல. இவரு மிதிச்சாரு. நான் திரும்பிப் போனேன், பிள்ள செத்துருச்சு. இவளும் போகணும்னு நெனச்சேன். பொறாமையில நெனச்சேன். இவளுக்கு ஆளுக இருக்காங்க, எனக்கு அன்னிக்கி யாரும் இல்ல. அந்தப் பொறாமதான். இதுதான் என் சாட்சி."

யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. சசிரேகா மட்டும், வழக்கம்போல, "ஆமா" என்றாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தேவநேசன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது பெண்கள் பாய். எழுந்து அந்தப் பக்கம் போங்க என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆயர் தம் கையிலிருந்த அம்புரோசின் கையைப் பார்த்தார். இன்னும் சசிரேகாவின் கையை அவர் பிடித்திருக்கவில்லை. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"அம்புரோசுக்காக ஜெபிப்போம். அது நம்ம கடமை" என்றார். "ஆனா இந்தப் பொண்ண நாம அனுப்பக்கூடாது. நான் அனுப்பத்தான் இருந்தேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். ஆராதனை முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போறோம். ஜீப்புல எடம் இருக்கு, யார் வர்றீங்க?"

அடுத்த வீட்டுக்காரி, கன்று போட்ட பசுவின் சொந்தக்காரி, முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்து வந்தாள். "சத்தம் கேட்டுச்சுங்க, கேக்கலன்னு சொன்னது பொய்யி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஜீப்பில் சசிரேகாவுக்குக் குலுங்காத முன் சீட்டைக் கொடுத்தார்கள். பின்னால் பலகையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த ஞானப்பூவுக்கு அப்போதும் சுருக்கென்றது. பொறாமை ஒரே நாளில் கழுவிப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அதை அனுபவித்ததில்லை. அவளும் அதோடு மல்லுக்கட்டவில்லை. தலைவியம்மா அவள் முழங்காலில் ஒரு கையை வைத்தபடி வந்தாள்.

ஸ்டேஷனில் ஏட்டு பேனாவைத் திறந்தார். சசிரேகா சொன்னதை எழுதினார். பிறகு நிமிர்ந்து, "சாட்சி யாரு?" என்றார்.

ஞானப்பூ எழுந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். நிறைமாசம் என்றாள், மழை என்றாள், அடுப்படி வாசலில் வைத்து வயிற்றில் என்றாள், உபதேசியார் வந்தார், சில்வர் ஓக் மரம் என்றாள். ஏட்டு எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். சசிரேகாவின் ஏழு மாத வயிற்றைப் பார்த்தார், எழுதியதைப் பார்த்தார்.

"அம்மா, ரெண்டையும் கலக்காதீங்க. நீங்க சொல்றது யாரு கேஸு? இந்தப் பொண்ணோடதா, உங்களோடதா?"

ஞானப்பூ திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளோடத மொதல்ல எழுதுங்க" என்றாள் ஞானப்பூ. "என்னோடது இத்தன வருசம் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்."